கட்டிலுக்கு நேர் மேலே

முனிகிருஷ்ணனுக்குச் சாமி மேல் கோபமும் கிடையாது, பெரிய பக்தியும் கிடையாது. பிச்சாட்டூர் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மழை பெய்தால் சாமியைக் கும்பிடுவார், பெய்யாவிட்டால் மோட்டாரைக் கும்பிடுவார். போர்க் கிணறு வற்றிய பிறகு நகரிக்குக் குடிவந்து, விசைத்தறிக் கொட்டகைகளுக்கு நூல் மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டினார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். அந்தக் கிண்டலில் முக்கால் பங்கு அவர் மனைவி சுந்தரம்மாவுக்குப் போகும், மீதி அவள் கும்பிடும் சூரியனுக்கு.

சூரியன் அந்த வீட்டுக்குள் வந்த கதை வேறு. மகன் பவன்குமாருக்கு ஆறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர்கள் கையை விரிக்கவில்லையே தவிர, விரிக்கிற முகத்தோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு விடியலில் வராந்தா ஜன்னலில் சூரியன் எழும்பியபோது சுந்தரம்மா கையைத் தூக்கிக் கும்பிட்டு, "எம்புள்ளய எனக்குக் குடுத்துடு. என் உசுரு கீற வரைக்கும், தெனமும் உன்னைக் கண்ணால பாத்துட்டுத்தான் வாயில சோறு வெப்பேன்" என்று வேண்டிக்கொண்டாள். இரண்டொரு நாளில் பிள்ளை தண்ணீர் கேட்டான்.

"ஊசி போட்டது டாக்டரு, பேரு வாங்கினது சூரியன்" என்று முனிகிருஷ்ணன் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தரம்மா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. கழனியில் இருந்தவரைக்கும் அவளுக்கு இது ஒரு வேலையே இல்லை; வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்துவிட்டுக் கூழைக் குடிப்பாள். ஐப்பசி, கார்த்திகையில்தான் பாடு. மேகம் விலகும்வரை வெறும் தண்ணீர். புயல் பிடித்த நாட்களில் இரண்டு நாள்கூடக் கிடந்திருக்கிறாள். அவள் எதிரிலேயே உட்கார்ந்து இவர் கருவாட்டுக் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். மனுஷனுக்கு அதில் ஒரு குறும்பு. "வயிறு எரியும், பாத்துத் துன்னு" என்று சிரிப்பாள் அவள்.

நகரி வீடு சந்துக்குள் இருந்தது. வாசல் வடக்கே. கிழக்கே இருந்த ஒரே ஜன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் பூசாத செங்கல்தான் முகத்தைப் பார்க்கும். பகலிலும் டியூப்லைட். சுந்தரம்மா தினமும் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவாள். போன ஐப்பசியில் ஒரு காலை, ராத்திரி முழுக்கப் பெய்து வெளுத்த வானத்தில் சூரியன் தெரிந்ததும், பாசி பிடித்த படியில் அவசரமாக இறங்கி வழுக்கி விழுந்தாள்.

இடுப்பெலும்பில் விரிசல். திருப்பதி எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் வேண்டாம். ஆனா தை மாசம் வரைக்கும் கட்டை மாதிரி படுத்திருக்கணும். அசைஞ்சா எலும்பு நகரும். நகர்ந்துட்டா அறுக்கணும். இவங்களுக்கு இருக்கிற சுகருக்கு அறுக்கிற தைரியம் எனக்கு இல்ல" என்றார். மாத்திரையும் வேளாவேளைக்குச் சாப்பாடும் தவறவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஆஸ்பத்திரியில் கட்டில் ஜன்னலோரமாக இருந்ததால் வேண்டுதலைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து உள் அறைக் கட்டிலில் கிடத்திய மறுநாள் காலைதான் வந்தது வினை.

முனிகிருஷ்ணன் இட்லித் தட்டோடு வந்தார். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாமே, விளையாடறியா? டாக்டர் சொன்னது காதுல ஏறலியா?"

"என்னை ஒருக்கா வெளிய தூக்கிக்கினு போ. பாத்துட்டுத் துன்றேன்."

தூக்கினார்கள். பக்கத்து வீட்டு ஆட்களும் சேர்ந்து, கனமான ஜமுக்காளத்தின் நாலு முனையைப் பிடித்து, குறுகலான வாசலில் சாய்த்து, சந்து முனைவரைக்கும் கொண்டுபோனார்கள். சூரியனைப் பார்த்துக் கும்பிட்ட அதே நொடியில் வலி தாங்காமல் மயங்கிப்போனாள். போனில் டாக்டர் திட்டித் தீர்த்தார். இன்னொரு முறை இப்படிச் செய்தால் என்னிடம் வராதே என்றுவிட்டார். அதோடு தூக்குவது நின்றது. சாப்பாடும் நின்றது.

முனிகிருஷ்ணன் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். மாடிக்குப் போய் வீடியோ கால் போட்டுச் சூரியனைக் காட்டினார். "அது போனு" என்றாள். இரண்டு நிலைக்கண்ணாடியை வாங்கிவந்து, ஒன்றை மாடியிலும் ஒன்றை வாசலிலும் பிடித்து வெயிலை உள்ளே திருப்பப் பார்த்தார். "நெழலைப் பாக்கறது கிரகணத்துக்கு. அதுக்கு மஞ்சத் தண்ணில பாத்தா போதும். இதுக்கு ஆவாது" என்றாள். கோயில் ஐயரைக் கூட்டிவந்தார். நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு, உண்டியலில் ஏதாவது முடிந்து போட்டால் போதும் என்று அவரும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சுந்தரம்மா அவருக்குக் கைகூப்பிவிட்டுச் சொன்னாள்:

"நோவு எனக்கு வந்து கீது சாமி. வேண்டுதல் புள்ளைக்கு. எனக்கு விலக்கு குடுத்துட்டா அவனுக்கு யாரு காவலு?"

ஐயர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பவன்குமார், லீவு கிடைக்காமல், போனில் அழுதான். "எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நீ துன்னும்மா." அவள், "ஆறு வயசுல நீ எப்டி கெடந்தேன்னு உனக்குத் தெரியாதுடா கண்ணு. எனக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள், வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை வேலையைக் காட்டியது. உடம்பெல்லாம் வேர்த்து, கை ஜில்லிட்டு, வாய் குழறியது. தெருமுனை டாக்டர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினார். நரம்பு வழியாகப் போவது சோறு ஆகாது என்று அவளே சொல்லிக் கையை நீட்டினாள். அந்தத் தெளிவைப் பார்த்து முனிகிருஷ்ணனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பாட்டில் இறங்கும்போது டாக்டர் அவரை வெளியே கூப்பிட்டு, "இது எத்தனை நாளைக்குத் தாங்கும்ணா?" என்றார். முனிகிருஷ்ணன் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு கயிறு அகலத்துக்கு வானம் இருந்தது. அவள் செத்துப்போவாள் என்று அப்போதுதான் நிஜமாகப் பயந்தார்.

அந்தப் பயத்தில் வந்த யோசனைதான் கூரையை அறுப்பது. அவள் வெளியே வர முடியாவிட்டால் வானம் உள்ளே வரட்டும்.

பரணி மேஸ்திரி அவருக்குப் பழைய பழக்கம். வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார். கம்பி கட்டிப் போட்ட கான்க்ரீட். "புதுசா கட்டும்போதே வெளிச்சத்துக்குத் தொறப்பு வுட்டு கட்டுவாங்க. போட்ட கூரைய அறுக்கிறது வேற மாதிரிண்ணா. கம்பிய வெட்டணும். கீழ ஆளு வேற படுத்துக்கினு கீறாங்க" என்று தயங்கினார்.

"ஆளு படுத்துக்கினு கீறதாலதான் அறுக்கச் சொல்றேன்" என்றார் முனிகிருஷ்ணன். பரணி டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

வேலை சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். இரண்டடிக்கு இரண்டடி அறுப்பது. மேலே சுற்றிலும் செங்கல்லால் வரப்பு மாதிரி எழுப்பி மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுப்பது. அதன்மேல் கெட்டிக் கண்ணாடியைப் பதித்து ஓரத்தை அடைப்பது. கண்ணாடி வழியாகப் பார்ப்பது கணக்கில் சேருமா என்று முனிகிருஷ்ணனுக்கு ஒரு கவலை. கேட்டேவிட்டார். "இத்தனை வருஷமா மூக்குக் கண்ணாடி போட்டுக்கினுதானே பாத்தேன்" என்றாள் சுந்தரம்மா. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

எங்கே அறுப்பது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவள் மல்லாந்து படுத்திருக்கிறாள், உடம்பைத் திருப்பவே கூடாது. அவள் முகத்துக்கு நேராக இருந்தால்தானே தெரியும்? பரணி கூரையில் ஆணி அடித்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தலையணையின் நடுவில் வந்து நிற்கும்படி பார்த்து, கரிக்கோடு போட்டார். நூல் பிசகாத அளவு. முனிகிருஷ்ணன் அந்தக் குண்டு ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

அறுத்த அன்று அந்த அறை போர்க்களம். கட்டிலின் நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து, மேலே பலகை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தினார்கள். அதற்கடியில் சுந்தரம்மா. அவளோடு முனிகிருஷ்ணனும் குனிந்து உட்கார்ந்துகொண்டார். கட்டிங் மிஷின் மேலே போட்ட சத்தத்தில் பல் கூசியது. சிமெண்ட் தண்ணீர் தார்ப்பாய் ஓரமாக ஒழுகிற்று. "பவனு நைனா, நீ வெளிய போ, மேல விழுந்துடப் போவுது" என்றாள் புருஷனிடம். அவர் நகரவில்லை. கயிறு கட்டி மேலே தூக்கவேண்டிய துண்டில் ஒரு மூலை உடைந்து, பலகை மேல் இடிபோல விழுந்தது. ஒரு பலகை பிளந்தது. முனிகிருஷ்ணன் அவள் முகத்தின்மேல் கவிழ்ந்துகொண்டார். புழுதி அடங்கியதும் அவள், "உசுரோட கீறியா?" என்று கேட்டாள். "கீறேன்" என்றார்.

மறுநாள் கண்ணாடி ஏறியது. பலகையை எல்லாம் எடுத்த பிறகு அந்த அறை வேறு அறையாகிவிட்டது. ஒட்டடை தெரிந்தது, சுவரில் எப்போதோ பவன்குமார் கிறுக்கியது தெரிந்தது, சுந்தரம்மாவின் முகம் எவ்வளவு வற்றிப்போயிருக்கிறது என்பதும் தெரிந்தது. கண்ணாடிக்கு மேலே நீல வானம். அன்றைக்கென்று மேகமும் இல்லை. "உச்சி வெயிலு வரட்டும், நேரா உன் மூஞ்சியிலேயே விழும் பாரு" என்றார் பரணி. முனிகிருஷ்ணன் சோறும் கீரைக் கடைசலும் தயாராக எடுத்துவைத்துவிட்டு, கட்டிலோரம் நின்றார்.

வெயில் வந்தது. திறப்பின் வழியாக இறங்கி, கட்டிலை ஒட்டிய வடக்குச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே சதுரமாக விழுந்தது. அங்கே நின்றது. மூவரும் அதைப் பார்த்தார்கள். இறங்கும் என்று காத்திருந்தார்கள். அது இறங்கவில்லை, மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது.

பரணிக்கு முகம் வெளிறிவிட்டது. "தூக்குக்குண்டு போட்டுத்தானேண்ணா அளந்தோம்" என்றார்.

முனிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் கழனியில் கிடந்தவர். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மாதங்களில் நடுப்பகலில் கூழ் குடிக்க வேப்பமரத்துக்கு வடக்கேதான் நிழல் தேடி உட்கார்ந்திருக்கிறார். உச்சி வெயில் உச்சந்தலையில் அடிக்கச் சித்திரை வரவேண்டும். அத்தனையும் தெரிந்த மனுஷன், அவசரத்தில், கரிக்கோடு போடும்போது குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தெற்கே தள்ளி இன்னொன்று அறுக்கலாமா என்று பரணியைப் பார்த்தார். பரணி தலையை ஆட்டினார். "ஆவாதுண்ணா. அங்க பீம் போவுது. ஒரே கூரைல ரெண்டு ஓட்டை போட்டா மொத்தமா அவங்க மேலேயே வந்துடும்."

அப்போது சுந்தரம்மா சொன்னாள்: "பாத்துட்டேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"ஓரத்துல லேசா தெரிஞ்சிச்சு. பாத்துட்டேன்யா. சோறு போடு, பசிக்குது."

பரணி சத்தமாக மூச்சு விட்டார். கையைக் கழுவிக்கொண்டு, முகம் மலர்ந்து கிளம்பிப்போனார். முனிகிருஷ்ணன் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அவள் மென்று விழுங்கினாள். தண்ணீர் கேட்டாள். மீண்டும் வாயைத் திறந்தாள். நாலு வாய் போனபிறகு, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியைத் துடைக்கிற சாக்கில் முனிகிருஷ்ணன் குனிந்து, தன் தலையை அவள் தலையணையில் வைத்து மேலே பார்த்தார். வெறும் நீலம். எந்த ஓரத்திலும் ஒன்றும் இல்லை.

அவர் எழுந்து உட்கார்ந்து ஐந்தாவது வாயை ஊட்டினார். அவள் அவர் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். புருஷன் புழுதியில் குளித்து, பலகை பிளந்தபோது மேலே கவிழ்ந்து படுத்து, கடைசியில் ஏமாந்து நின்ற முகத்தை அவளால் தாங்க முடியவில்லை. பதினெட்டு வருஷத்து வேண்டுதலை ஒரு சொல்லில் உடைத்துவிட்டாள். அவரால் வாயைத் திறந்து கேட்கவும் முடியாது, கேட்டால் நாளை அந்தப் பொய்யும் இல்லாமல் பட்டினி கிடப்பாள். சோறு இறங்குகிறதே என்று சந்தோஷப்படவேண்டிய மனுஷனுக்கு, சோறு இறங்க இறங்கத் திகிலாக இருந்தது.

கேலி பேசியவருக்கு என்ன திகில் என்று கேட்கலாம். அதுதான் அவருக்கும் புரியவில்லை. நம்பாதவராக இருக்க அவரால் முடிந்ததே, அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து நம்பிக்கொண்டிருந்ததால்தான். அவள் நிறுத்தியதும் வீட்டில் விளக்கை யாரோ அணைத்ததுபோல் ஆகிவிட்டது. சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டு, "எப்டிடா கீற?" என்றார். "இப்பத்தானே நைனா அம்மா போன் பண்ணி இதையே கேட்டுச்சு" என்றான் அவன்.

அடுத்த நாள் காலையில் முனிகிருஷ்ணன் காபியைத் தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்கு ஏறினார். கிழக்கே பார்த்துக் கையைத் தூக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தூக்கினார். "அவ பேருல எழுதிக்க" என்று முணுமுணுத்தார். இறங்கிவந்து காபி குடித்தார். அன்றிலிருந்து தினமும் அப்படியே. அவள் மதியம் வெயில் சுவரில் விழுந்ததும் "பாத்தாச்சு" என்பாள்; இவர் "அப்டியா" என்று ஊட்டுவார். சுகர் இறங்கியது, முகத்தில் சதை வந்தது, தெருமுனை டாக்டர் இவர் முதுகில் தட்டினார். கூரையில் கண்ணாடி வைத்த கதை நகரி முழுக்கப் பரவி, பார்க்க ஆட்கள் வந்துபோனார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

கார்த்திகைக் கடைசியில் கடலில் புயல் சின்னம் என்றார்கள். வானம் அடைத்துக்கொண்டது. கண்ணாடியில் மழை இரைந்தது. பட்டப்பகலில் அறை சாம்பல் நிறத்தில் கிடந்தது. முதல் நாள் சுந்தரம்மா, "விடியக்காலைல ஒரு கீத்து தெரிஞ்சிச்சு" என்றாள். முனிகிருஷ்ணன் "அப்டியா" என்று ஊட்டினார். அவர் ஐந்தாறு தடவை மாடிக்குப் போய்த் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். கிழக்கும் மேற்கும் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். இரண்டாம் நாளும் விடவில்லை. அவள், "இப்பத்தான் பாத்தேன்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

அவர் சோற்றைப் பிசைந்தார். விரல்கள் நடுங்கி, பருக்கை அவள் கழுத்தில் சிதறியது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"நீ துன்னியா?"

"ஆச்சு."

"இன்னா துன்ன?"

"கடைல இட்லி."

"இந்த மழைல எந்தக் கடை தொறந்து கீது?" அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தலை ஈரம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாடிக்கா போன? எதுக்குப் போன?"

முனிகிருஷ்ணனுக்குப் பொய் வரவில்லை.

"நீ வுட்ட எடத்துல இருந்து நான் புடிச்சிக்கினேன்" என்றார்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் நாளிலிருந்தே இவருக்குத் தெரியும் என்பது புரிந்ததும் முகம் கோணிக்கொண்டது. விம்மினால் இடுப்பு வலிக்கும் என்பதால் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் இரண்டு காதுகளுக்குள்ளும் இறங்கியது. பிறகு மழை அறைந்துகொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்து, அத்தனை நாளும் வராத கோபம் எல்லாம் சேர்ந்து கத்தினாள்.

"பதினெட்டு வருசமா நான் உன்னைப் பாத்துக்கினு இருந்தேன்! நீ ஒருக்கா எட்டி என்னைப் பாக்கக் கூடாதாயா?"

மேலே மழைதான் கேட்டது. அவள் அவர் கையிலிருந்த தட்டைப் பிடித்து இழுத்து, படுத்தபடியே ஒரு கவளம் உருட்டி அவர் உதட்டருகே கொண்டுபோனாள். "துன்னு. சூரியன் வராட்டிப் போறான். துன்னுயா. எனக்கு இன்னாவோ பண்ணுது உன்னைப் பாத்தா."

முனிகிருஷ்ணனுக்குப் பசி காதை அடைத்தது. சோற்றின் வாசனை நேராக மூக்கில் ஏறியது. இந்த நேரத்துக்கு, இந்த மழையில், பவன்குமார் பைக்கில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருப்பான் என்று நினைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.